மஞ்சள் வாசமும் மசக்கையும்

அன்புள்ள அம்மா,

எனக்கு இது மூன்றாம் மாதம். எங்கள் களத்தில் மஞ்சள் வேகவைக்கிறார்கள். அந்த வாசம் வந்தாலே குமட்டுகிறது. மங்கலப் பொருளுக்கு முகம் சுளிக்கலாமா என்று மாமியார் வருந்துகிறார். பத்துப் பெற்றவர்கள் இப்படியா அலுத்துக்கொண்டார்கள் என்கிறார் என் அம்மாவைப் பெற்ற அம்மிச்சி. நான்கு ஆண்டுகள் காத்திருந்து கருவுற்றவள் சலித்துக்கொள்வது நன்றி கெட்டதனமா?

ச., மொடக்குறிச்சி

அன்புள்ள ச.,

இல்லை. நீங்கள் வேண்டிக்கொண்டது குழந்தையை. குமட்டலை யாரும் வேண்டிக்கொள்வதில்லை. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது என்றாலும், கொப்பரையிலிருந்து எழும் அந்த மண்ணும் ஆவியும் கலந்த நெடியை மசக்கைக்காரியும் ரசித்தாக வேண்டும் என்று அதில் எழுதியிருக்காது. பெரும்பாலோருக்கு நான்கு, ஐந்தாம் மாதத்தில் இது தணிந்துவிடும். தண்ணீர்கூட வயிற்றில் தங்காமல் போனாலோ, சிறுநீர் குறைந்தாலோ மட்டும் பொறுத்திருக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

அடுத்து வருவது நெஞ்செரிச்சல். கர்ப்பத்தில் மிகுதியாகச் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் இரைப்பையின் மேல்வாயைத் தளர்த்திவிடுவதாலும், வளரும் கருப்பை கீழிருந்து நெருக்குவதாலும் புளித்த நீர் தொண்டைவரை ஏறுகிறது. எனக்கு அது உச்சத்தில் இருந்த ஏழாம் மாதத்தில்தான் பிறந்த வீட்டார் கட்டுச்சோறு கொண்டுவந்தார்கள். புளிச்சோற்றை ஆளுக்கொரு வாய் ஊட்ட, நானும் சிரித்தபடியே விழுங்கிவைத்தேன். அன்றிரவு மூன்று தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தபோது கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்தது. அது விட்டதும், வாசலைக் கடந்து, மாடு அடைக்கும் தொண்டுப்பட்டியோரம் இருந்த கழிப்பறைக்கு டார்ச் விளக்கோடு ஐந்தாம் முறையாக நடந்தேன். அந்நேரத்தில் விழித்திருந்தது எங்கள் எருமை மட்டும்தான். நல்லவேளையாக அது அறிவுரை எதுவும் சொல்லவில்லை.

நான்காம் மாதத்திலிருந்து சுகாதார நிலையத்தில் 180 நாள்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை தருவார்கள். அது மலத்தைக் கறுப்பாக்கும், மலச்சிக்கலையும் கூட்டும். அதற்கு அஞ்சி நிறுத்திவிடாதீர்கள். டீ, காப்பியோடு சேர்த்து விழுங்கினால் சத்து உடலில் சரியாகச் சேராது.

அம்மிச்சி அலுத்துக்கொள்ளவே இல்லை என்பதை நான் நம்பவில்லை. அவருக்கு அப்போது எந்த வாசம் ஆகாமல் போனது என்று கேட்டுப்பாருங்கள். என் அம்மிச்சி எழுபது வயதிலும் யோசிக்காமல், ராகிக் களி கிண்டுகிற வாசம் என்றார்.

மஞ்சள் வெந்து முடிகிறவரை நான்கு நாள் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வாருங்கள்.