ஊசியால் குத்திய கேப்சூல்

ஐயா, வணக்கம். நீட் தேர்வில் உங்கள் மகள் தகுதி பெற்றும் இரண்டாம் முறையாக அரசு இடம் கிடைக்கவில்லை என்றும், நிலத்தை விற்று நிர்வாக ஒதுக்கீட்டில் எம்.பி.பி.எஸ். சேர்த்துவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் மைத்துனர் வற்புறுத்துகிறார் என்பதற்காக நிலத்தை விற்காதீர்கள். கட்டணத்தை அவர் கட்டப்போவதில்லை, ஐந்தரை ஆண்டு அவர் படிக்கப்போவதுமில்லை.

அன்று உங்களுடன் வந்த மகள், மருத்துவராவதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. பாட்டியின் வைட்டமின் ஈ கேப்சூலை ஊசியால் குத்தி, எண்ணெயைத் தண்ணீரில் பிதுக்கி, இரண்டு நாள் மூடிவைத்துப் பார்த்ததைத்தான் சொன்னாள். "கலக்கினாலும் மேலேயே மிதக்கிறதே, இது செல்லுக்குள் எப்படிப் போகும்?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியையே பாடமாக நடத்தும் படிப்பு, உறவினர்கள் 'மருந்துக்கடைப் படிப்பு' என்று ஒதுக்கும் பி.ஃபார்ம், அதாவது மருந்தியல் இளநிலைப் படிப்பு. நான்கு ஆண்டு, தமிழ்நாட்டில் இதற்கு நீட் வேண்டாம், பிளஸ் டூ மதிப்பெண் போதும், சென்னை, மதுரை அரசு மருத்துவக் கல்லூரிகளிலேயே இடங்கள் உண்டு. பிறகு மருந்தியல் முதுகலைக்கான ஜிபேட் தேர்வில் தகுதி பெற்று, அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) அங்கீகாரமுள்ள கல்லூரியில் முதுகலையான எம்.ஃபார்ம் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. அதில் மருந்தை உடல் ஏற்கும் வடிவில் தயாரிக்கக் கற்றுத்தரும் ஃபார்மசூட்டிக்ஸ் பிரிவை எடுக்கட்டும்.

அந்தப் பிரிவின் ஆய்வகத்தில், வைட்டமின் கரைந்த எண்ணெயை, எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் பிடித்துவைக்கும் ட்வீன் 80 போன்ற பால்மமாக்கியோடு தண்ணீரில் சேர்த்து, துளிகளை நுணுக்கும் உயர் அழுத்த ஹோமோஜெனைசர் கருவியில் திரும்பத் திரும்பச் செலுத்துவார்கள். துளிகள் 200 நானோமீட்டருக்கும் கீழே சிறுக்கச் சிறுக்க, பால்போல் வெளுத்திருந்த கலவையில் மெல்லிய நீலம் படர்ந்து, மிகவும் சிறுத்தால் தெளிந்தே போகும். துளி சிறுத்தால் மொத்தப் பரப்பு பெருகுவதால், குடலில் கொழுப்பைச் செரிக்கும் நொதி விரைந்து வேலை செய்யும். விடுபடும் வைட்டமின், பித்த உப்புகள் சேர்ந்த நுண்துகள்களில் ஏறிக் குடற்சுவரை எட்டும். அங்கிருந்து இரத்தத்தின் வழியே சென்று செல்சவ்வில் அமரும் டோகோஃபெரால் (வைட்டமின் ஈ-யின் வேதிப்பெயர்), சவ்வின் கொழுப்பைக் கெடுக்கும் சங்கிலி வினையை நடுவிலேயே அறுக்கும். வைட்டமின் செல்லுக்குள் போகிறதா என்று சோதிக்கக் காகோ-2 எனும் குடல் செல்களை மூன்று வாரம் வளர்க்க வேண்டும். அவசரக்காரர்களுக்கு ஒத்துவராத வேலை. இரண்டு நாள் காத்திருந்து பார்த்தவளுக்கு ஒத்துவரும்.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை: முதுகலை முடிக்காமல் இந்த ஆய்வுப் பணிக்குள் நுழைவது கடினம், ஆகவே ஆறு ஆண்டுக் கணக்கோடு இறங்குங்கள். கல்லூரிக்கு இந்திய மருந்தியல் கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். விண்ணப்பத்தை மகளே நிரப்பட்டும். நிலப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.