குர்குமின் மாத்திரை: கேட்டவையும் சொன்னவையும்

மருந்தியல் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவன் என்பதால், மஞ்சளிலிருந்து பிரித்தெடுத்து விற்கப்படும் குர்குமின் மாத்திரைகளைப் பற்றி உறுப்பினர்கள் பலர் என்னிடம் கேட்டிருந்தார்கள். ஒரே பொருளைக் கேட்ட கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: தினமும் குழம்பிலும் பொரியலிலும் மஞ்சள்தூள் சேர்க்கிறோம். அப்படியிருக்க மாத்திரை எதற்கு? தலைமுறை தலைமுறையாகச் சாப்பிடும் பொருள் என்பதால் மாத்திரையும் பாதுகாப்பானதுதானே?

பதில்: இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். சாதாரண மஞ்சள்தூளில் குர்குமின் ஏறத்தாழ 3 சதவீதம்தான் இருக்கிறது. ரகத்தையும் மண்ணையும் பொறுத்து இது கூடும், குறையும். கடையில் கிடைக்கும் 500 மில்லிகிராம் மாத்திரையிலோ, 95 சதவீதம் செறிவூட்டிய சாறு என்று அச்சிட்டிருப்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒரு மாத்திரையில் உள்ளதைத் தூளிலிருந்து பெற ஐந்து டீஸ்பூன் அளவுக்கு மஞ்சளை ஒருவரே விழுங்க வேண்டும். அவ்வளவு மஞ்சளை நம் பாட்டிமார் யாரும் ஒரு நாளில் சாப்பிட்டதில்லை. ஆகவே சமையல் மஞ்சளின் நெடிய வரலாறு மாத்திரைக்குச் சான்றிதழ் ஆகாது.

கேள்வி: மிளகுச் சத்து சேர்ந்த மாத்திரைதான் நல்லது என்கிறார்களே?

பதில்: குர்குமின் தண்ணீரில் கரையாது, குடலும் கல்லீரலும் அதை விரைவாக மாற்றி வெளியேற்றிவிடுவதால், விழுங்கியதில் மிகச் சிறு பங்குதான் ரத்தத்தை எட்டுகிறது. பெங்களூருவில் நடந்து 1998-இல் வெளியான ஆய்வு ஒன்றில், 2 கிராம் குர்குமினுடன் மிளகிலுள்ள பைபெரின் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது, உடலில் சேரும் அளவு சுமார் 20 மடங்கு உயர்ந்தது. விளம்பரங்கள் இத்துடன் நிறுத்திக்கொள்கின்றன. பைபெரின் இதைச் சாதிப்பது, மருந்துகளை உடலிலிருந்து வெளியேற்றும் நொதிகளைத் தடுப்பதன் மூலம்; அந்தத் தடை குர்குமினுக்கு மட்டும் என்று ஒதுங்கி நிற்பதில்லை. வலிப்புக்குத் தரும் ஃபெனிடோயின், ரத்த அழுத்தத்துக்குத் தரும் புரோப்ரனலால் போன்றவற்றின் அளவும் ரத்தத்தில் உயரக்கூடும். வேறு நோய்க்குத் தினசரி மருந்து சாப்பிடுபவர்கள் இந்தக் கூட்டு மாத்திரையைத் தாமாக வாங்கி உண்ணக் கூடாது.

கேள்வி: அம்மாவுக்கு வயது 62, முழங்கால் மூட்டுத் தேய்மானம். வலி மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பயன் தருமா?

பதில்: குர்குமினுக்கு ஓரளவு நம்பத்தக்க ஆதாரம் இருக்கும் இடம் இதுதான். தாய்லாந்தில் 367 நோயாளிகளிடம் நான்கு வாரம் நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு 1500 மில்லிகிராம் மஞ்சள் சாறு, வலி மருந்தான ஐபுப்ரோஃபென் 1200 மில்லிகிராமுக்கு ஏறக்குறைய ஈடாக வலியைக் குறைத்தது. வயிற்றுத் தொந்தரவும் குறைவாக இருந்தது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் 70 பேரிடம் 12 வாரம் நடந்து 2020-இல் வெளியான ஆய்விலும் வலி குறைந்தது; ஆனால் மூட்டில் கோத்திருந்த நீரும் வீக்கமும் ஸ்கேனில் குறையவில்லை. அதாவது வலி குறையலாம். தேய்ந்த குருத்தெலும்பு வளராது. மருத்துவரிடம் சொல்லிவிட்டு ஆறு அல்லது எட்டு வாரம் கொடுத்துப் பாருங்கள். பலன் தெரியவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். இன்னொரு நிறுவனத்தின் விலை கூடிய மாத்திரைக்குத் தாவ வேண்டாம்.

கேள்வி: புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது.

பதில்: ஆய்வகத் தட்டில் வளர்க்கும் புற்றுச் செல்களைக் குர்குமின் அழிப்பது உண்மை. ஆனால் அந்தத் தட்டில் ஊற்றும் செறிவு மனித ரத்தத்தில் உருவாவதே இல்லை. தவிர, இந்த மூலக்கூறு ஒளிர்வதாலும் பலவற்றுடன் ஒட்டிக்கொள்வதாலும், பல ஆய்வகச் சோதனைகளில் பொய்யான பலனைக் காட்டும் இயல்புடையது என்று 2017-இல் மருந்து வேதியியலாளர்கள் விரிவாக எடுத்துக்காட்டினார்கள். அழற்சியைத் தணிக்கும் என்ற நம்பிக்கையில் கனடாவில் பெருநாடி அறுவை சிகிச்சை செய்துகொண்ட 606 பேரிடம் சோதித்தபோது, சிறுநீரகப் பாதிப்பு குர்குமின் பெற்றவர்களில் 17 சதவீதமாகவும் பெறாதவர்களில் 10 சதவீதமாகவும் இருந்தது. கீமோதெரபியைத் தள்ளிப்போட்டு இந்த மாத்திரையை நம்புவது உயிரோடு விளையாடுவதாகும்.

கேள்வி: கல்லீரலைச் சுத்தம் செய்யும் என்று போட்டிருக்கிறதே?

பதில்: சுத்தம் செய்வது இருக்கட்டும், கெடுக்காமல் இருந்தால் போதும். மஞ்சள் மாத்திரை உண்டவர்களுக்குக் கல்லீரல் அழற்சி வந்த நிகழ்வுகள் 2019-இல் இத்தாலியில் வரிசையாகப் பதிவாயின. பிறகு ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் எச்சரித்தது. அமெரிக்காவில் விரிவாக ஆராய்ந்த பத்து நோயாளிகளில் ஒருவர் இறந்தார். ஏழு பேரிடம் எச்எல்ஏ-பி*35:01 என்ற மரபணு வகை காணப்பட்டது. பாதிப்பு அரிதுதான், யாருக்கு வரும் என்று முன்கூட்டிக் கணிக்க முடியாது என்பதே சங்கடம். மாத்திரை தொடங்கிய சில வாரங்களிலோ மாதங்களிலோ பசியின்மை, கடும் சோர்வு, அடர்நிறச் சிறுநீர், கண்ணில் மஞ்சள் ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே நிறுத்திவிட்டுக் கல்லீரல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். மஞ்சள் தின்று காமாலை வருமா என்று என் மாணவர்கள் சிரிப்பார்கள், வந்திருக்கிறது.

கேள்வி: ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையை அப்பா சாப்பிடுகிறார். அவருக்குக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். வார்ஃபரினுடன் மஞ்சள் மாத்திரையைச் சேர்த்து உண்ட ஒருவருக்கு ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்பதைக் காட்டும் அளவு) ஆபத்தான அளவாக 10-ஐத் தாண்டியதாக நியூசிலாந்து 2018-இல் எச்சரித்தது. பித்தப்பைக் கல், சிறுநீரகக் கல் உள்ளவர்களும் விலகியிருப்பதே நல்லது.

கேள்வி: கர்ப்பிணிகள்?

பதில்: சமையல் மஞ்சள் சரி. மாத்திரை வேண்டாம்.

கேள்வி: எவ்வளவு சாப்பிடலாம் என்று வரம்பு உண்டா?

பதில்: உணவில் சேர்க்கும் நிறமி என்ற வகையில், உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் அமைத்த வல்லுநர் குழு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 3 மில்லிகிராம் வரை என்று வகுத்திருக்கிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 180 மில்லிகிராம். கடையில் விற்கும் மாத்திரையில் ஒன்றே இதை இருமடங்குக்கு மேல் தாண்டிவிடுகிறது. டப்பாவில் உள்ள எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண், அதை உணவு வகையாக விற்க உரிமம் உண்டு என்பதை மட்டுமே காட்டும். மருந்தாகப் பரிசோதித்துத் தந்த ஒப்புதல் அன்று.

கேள்வி: அப்படியானால் இரவில் மஞ்சள் பால் குடிப்பதையும் விட்டுவிட வேண்டுமா?

பதில்: கால் டீஸ்பூன் மஞ்சளில் இருபது, இருபத்தைந்து மில்லிகிராம் குர்குமின்தான் இருக்கும். தாராளமாகக் குடியுங்கள்.