பூஞ்சை மாத்திரைக்கு அடங்காத வெள்ளைப்படுதல்

சகோதரிக்கு வணக்கம். மஞ்சளும் பச்சையும் கலந்து நுரைத்து, வாடையுடன் கசிவு வருவதாகவும், மருந்துக்கடையில் வாங்கிய 150 மி.கி. ஃப்ளூகோனசோலுக்குப் பின்னும் எரிச்சல் குறையவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அம்மருந்து பூஞ்சைத் தொற்றுக்கு உரியது. பூஞ்சையாயின் பெரும்பாலும் திரிந்த பால் போன்ற, வாடையற்ற கசிவும் கடும் அரிப்புமே இருக்கும். நீங்கள் விவரிக்கும் நிறமும் நுரையும், உடலுறவால் பரவும் டிரைக்கோமோனாஸ் என்னும் ஒட்டுண்ணியை நினைக்க வைக்கின்றன. ஆயினும், மீன்வாடையுடன் சாம்பல் நிறமாக வரும் பாக்டீரியக் கோளாறும் இதனுடன் குழம்பக்கூடியது என்பதால், கசிவைப் பரிசோதிக்காமல் எவராலும் உறுதியாகச் சொல்ல இயலாது. பரிசோதனைக்கு முன் உள்ளே நீர்விட்டுக் கழுவாதீர்கள்.

டிரைக்கோமோனாஸ் என்று உறுதியானால், பெண்களுக்கு வழக்கமாக மெட்ரோனிடசோல் 500 மி.கி. தினம் இருவேளையாக 7 நாள்களுக்கு மருத்துவர் எழுதித்தருவார். கணவருக்கு எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும் அவரும் சிகிச்சை பெறவேண்டும். இல்லையேல் உங்களுக்கு மீண்டும் தொற்றும். (அவரைச் சந்தேகிக்க அவசரப்படாதீர்கள்; இது பல மாதங்கள் அறிகுறியின்றித் தங்கக்கூடியது.) இருவருக்கும் குணமாகும்வரை உடலுறவைத் தவிருங்கள்.

உடலுறவால் பரவும் வேறு தொற்றுகளான கிளமிடியா, கொனோரியா ஆகியவை பல பெண்களிடம் அறிகுறியே காட்டாதவை. அவற்றுக்கான பரிசோதனையையும் சேர்த்தே கேளுங்கள். அடிவயிற்று வலி, காய்ச்சல், உறவுக்குப்பின் இரத்தக்கசிவு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், கருவுற்றிருந்தாலும், நாளையே செல்லுங்கள். அரசு மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவில் இதற்குக் கட்டணமில்லை, எச்.ஐ.வி. பரிசோதனையை, அதற்கான அரசு ஆலோசனை மையமான நம்பிக்கை மையத்தில் செய்துகொள்ளலாம்.