பார்மட் அடிக்கிறதுக்கு முன்னாடி: மெதுவா ஓடுற கம்ப்யூட்டர், கேள்வி பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கமிருந்து வந்த கேள்விகள் இவை. குறை எல்லாருக்கும் ஒண்ணுதான், வீட்டுக் கம்ப்யூட்டர் நகர மாட்டேங்குது. காரணம்தான் ஆளுக்கு ஒண்ணு. அதனால முதல்ல கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்துங்க. டாஸ்க் மேனேஜர் திறக்கும். சிபியு (ப்ராசஸர்னு சொல்ற மூளைச் சில்லு), மெமரி (ரேம்), டிஸ்க் (ஃபைல் சேமிக்கிற இடம்)னு வரிசையா இருக்கும். மெஷின் திணறுற நேரத்துல இதுல எது 90, 100ன்னு நிக்குதுன்னு பார்த்துட்டு அப்புறம் பர்ஸைத் திறங்க.

காவேரிப்பட்டணம்: அண்ணா, 2017ல வாங்கின லேப்டாப். ஆன் பண்ணிட்டு டீ போட்டுக் குடிச்சிட்டு வந்தாலும் சுத்திக்கிட்டே இருக்கு. டிஸ்க் 100 காட்டுது. கடையில பார்மட் அடிச்சா சரியாகும்னாங்க. ஏற்கெனவே ரெண்டு தடவை அடிச்சாச்சு.

மூணாவது தடவை வேண்டாம் தம்பி. காய்ச்சல்னு போனதும் ஊசியை எடுக்கிற டாக்டர் மாதிரி, எதுக்கெடுத்தாலும் பார்மட் அடிக்கிற, அதாவது எல்லாத்தையும் அழிச்சிட்டு விண்டோஸைப் புதுசா போடற பழக்கம் நம்ம ஊர்க் கடைகள்ல ரொம்ப நாளா இருக்கு. ரெண்டு வாரம் நல்லா ஓடும், அப்டேட் எல்லாம் இறங்கினதும் பழைய கதை.

டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போய் டிஸ்க் பேருக்குக் கீழ பாருங்க. ஹெச்டிடின்னு இருந்தா விஷயம் அதுதான். உள்ள ஒரு தட்டு சுத்துது, அது மேல ஒரு முனை நகர்ந்து நகர்ந்து படிக்குது. ஒவ்வொரு தடவை இடம் மாறவும் பத்து மில்லி செகண்டுக்கு மேல ஆகும். விண்டோஸ் 10 ஆன் ஆகும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைலைக் கேட்கும். முனை பாவம், ஓடி ஓடியே ஓய்ஞ்சிடும். எஸ்எஸ்டிங்கிற இன்னொரு வகை டிஸ்க்குல சுத்துற பாகமே கிடையாது. அதே தேடல் மில்லி செகண்டுல பத்துல ஒரு பங்கு நேரத்துல முடிஞ்சிடும். பழைய லேப்டாப்புக்குச் செலவு பண்ணணும்னா நான் முதல்ல கை காட்டுறது இதைத்தான். ரேம்கூட அப்புறம்தான்.

வாங்கறதுக்கு முன்னாடி உங்க மெஷின்ல எது பொருந்தும்னு பாருங்க: ரெண்டரை இன்ச் சாட்டா வகையா, குச்சி மாதிரி இருக்கிற எம்.2 வகையா? இருக்கிற விண்டோஸை அப்படியே புது டிஸ்க்குக்கு நகலெடுத்து குளோன் பண்ணிக்கலாம், ப்ரோகிராம் எதுவும் போகாது. டிவிடி டிரைவ் இருந்தா அதைக் கழட்டி, அந்த இடத்துல டிஸ்க்கைப் பொருத்துற சட்டம் (கேடின்னு கடையில சொல்வாங்க) ஒண்ணு வாங்கிப் பழைய டிஸ்க்கை அங்க மாட்டுங்க. படம், பாட்டு வைக்க உதவும்.

ஓசூர்: 4 ஜிபி ரேமோட இன்னொரு 4 போட்டேன் சார். மொத்தம் 8ன்னு காட்டுது, பக்கத்துலயே 3.2 ஜிபிதான் பயன்படும்னும் காட்டுது. கடைக்காரர் ஏமாத்திட்டாரா?

இல்ல சார், அவர் மேல தப்பில்ல. உங்க விண்டோஸ் 32 பிட்டா இருக்கும். அதால 4 ஜிபிக்கு மேல எடுத்துக்க முடியாது, அதுலயும் ஒரு பகுதி மத்த பாகங்களுக்குப் போயிடும். செட்டிங்ஸ்ல சிஸ்டம், அபௌட் பக்கத்துல பார்த்து உறுதி பண்ணிக்கோங்க. ப்ராசஸர் 64 பிட்டுன்னு அதே இடத்துல எழுதியிருந்தா, ஃபைலையெல்லாம் வெளிய எடுத்து வெச்சிட்டு 64 பிட் விண்டோஸ் போடுங்க. பார்மட் நிஜமாவே தேவைப்படுற இடம் இது.

பர்கூர்: வீட்டுப் பக்கத்துலயே கிரானைட் பாலிஷ் பட்டறை. கம்ப்யூட்டர் காலையில நல்லா ஓடுது. ஒரு மணி நேரம் போனா ஃபேன் கத்துது, மவுஸ்கூட நகரல.

காலையில நல்லா ஓடுதுன்னு நீங்க சொன்னதுலயே பாதி பதில் இருக்கு. சூடுதான். சிபியு அளவுக்கு மீறிச் சூடானா தன்னைக் காப்பாத்திக்க வேகத்தைத் தானே குறைச்சுக்கும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துல வேகம் ஜிகாஹெர்ட்ஸ்ல ஓடிக்கிட்டிருக்கும். காலையில ஒரு தடவை, மெதுவாகிற நேரத்துல ஒரு தடவை பாருங்க. வேலை இருக்கும்போதே ஒண்ணுக்குக் கீழ இறங்கி நின்னா சந்தேகமே வேண்டாம்.

கல் தூசி ஈரம் பட்டா அப்பிக்கும், துணியால துடைச்சா போகாது. பிளக்கைப் பிடுங்கிட்டு, வெளியில கொண்டுபோய் ப்ளோயரால ஊதுங்க. ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால பிடிச்சுக்கணும், சுத்த விட்டா பேரிங் கெடும். சிபியு சில்லு மேல இருக்கிற, சூட்டைக் கடத்துற தெர்மல் பேஸ்ட் காய்ஞ்சு உதிர்ந்திருந்தா புதுசு வைங்க, பட்டாணி அளவு போதும். சிலர் சப்பாத்திக்கு வெண்ணெய் மாதிரி பூசறாங்க, அது வேண்டாத வேலை. கேபினட்டைத் தரையில வைக்காதீங்க.

லேப்டாப் வெச்சிருக்கிறவங்களுக்கு ஒண்ணு: சூடே இல்லாம எப்பவும் வேகம் 0.8 ஜிகாஹெர்ட்ஸ் பக்கத்துலயே நின்னா சார்ஜரைப் பாருங்க. டூப்ளிகேட் சார்ஜரைச் சில லேப்டாப் அடையாளம் கண்டுக்காது, வேகத்தைக் கட்டிப் போட்டுடும்.

பாலக்கோடு: பொண்ணு படிக்கிற கம்ப்யூட்டர்ங்க. ஓரத்துல "உங்கள் கணினியில் வைரஸ்"னு நிமிஷத்துக்கு ஒண்ணு வருது. பயந்துபோய் ரெண்டு ஆன்டிவைரஸ் போட்டோம். இப்ப இன்னும் மெதுவா இருக்கு.

அக்கா, அது பெரும்பாலும் வைரஸ் இல்ல. ஏதோ ஒரு சைட் "நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா"ன்னு கேட்டப்ப பொண்ணு அலவ் அழுத்தியிருக்கும். குரோம் செட்டிங்ஸ்ல நோட்டிஃபிகேஷன்ஸ் போய், தெரியாத பேரையெல்லாம் நீக்குங்க. ரெண்டு ஆன்டிவைரஸும் ஒரே ஃபைலை மாத்தி மாத்திச் சோதிக்குது, அதனாலதான் மெஷின் திணறுது. ரெண்டையும் எடுத்துடுங்க, விண்டோஸோட வர்ற டிஃபெண்டர் வீட்டுக்குப் போதும். திரையில வர்ற நம்பருக்கு மட்டும் போன் பண்ணிடாதீங்க. யாராவது ஏற்கெனவே பண்ணிப் பணம் போயிருந்தா உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிட்டுச் சொல்லுங்க.

அரூர்: ஆன் பண்ணும்போதெல்லாம் தேதி பழைய வருஷத்துக்குப் போயிடுது. எந்த சைட்டும் திறக்கல.

ஆஃப்ல இருக்கும்போதும் தேதியை ஓட்டுற, மதர்போர்டுல இருக்கிற சிஆர்2032 பேட்டரி தீர்ந்துபோச்சு. தேதி தப்பா இருந்தா சைட்டும் திறக்காது. காசு வடிவத்துல இருக்கும், வாட்ச் கடையிலயே கிடைக்கும். மாத்திட்டுத் தேதியைச் சரி பண்ணுங்க.

பென்னாகரம்: யூடியூப் நின்னு நின்னு ஓடுது. எஸ்எஸ்டி போடட்டுமா?

நெட்டைத் துண்டிச்சிட்டு, கம்ப்யூட்டர்லயே இருக்கிற ஒரு படத்தைப் போட்டுப் பாருங்க. அது நல்லா ஓடினா குறை நெட்லதான், எஸ்எஸ்டிக்குக் காசு கொட்டாதீங்க. கருங்கல் சுவர் வீடுன்னா வைஃபை ரெண்டு ரூம் தாண்டாது, அதுலயும் வைஃபையோட 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசை இன்னும் சீக்கிரம் சாகும். 2.4க்கு மாத்திப் பாருங்க, இல்லன்னா ரவுட்டரை இடம் மாத்துங்க.

கிருஷ்ணகிரி: மாங்காய் மண்டிக் கணக்கு, டேலி சாஃப்ட்வேர்ல. ஐ5 ஆறாம் தலைமுறை, 8 ஜிபி, எஸ்எஸ்டி. வேகத்துக்குக் குறையில்ல. ஆனா விண்டோஸ் 10 முடிஞ்சுபோச்சு, புதுசு வாங்குங்கன்னு நச்சரிக்கிறாங்க.

2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்னது உண்மைதான். அதுக்காக மெஷின் அன்னைக்கே செத்துப்போகாது. வீட்டு உபயோகத்துக்கு 2026 அக்டோபர் 13 வரைக்கும் நீட்டிப்புத் திட்டம் ஒண்ணு கொடுத்திருக்காங்க, அதுல சேருங்க. விண்டோஸ் 11க்கு இன்டெல் ப்ராசஸர்ல எட்டாம் தலைமுறையிலிருந்துதான் மைக்ரோசாஃப்ட் ஒத்துக்குது. குறுக்கு வழியில ஏத்தித் தர்றேன்னு சொல்றவங்க இருக்காங்க. கணக்கு வெச்சிருக்கிற மெஷின்ல நான் செய்ய மாட்டேன். டேலி இருக்கறதால, விண்டோஸுக்குப் பதிலா போடற லினக்ஸும் உங்களுக்குச் சரிவராது. சீசன் முடியட்டும், நிதானமா மாத்துங்க.

போச்சம்பள்ளி: தினமும் ஷட்டவுன் பண்ணித்தான் மூடறேன். அப்பவும் நாளுக்கு நாள் மெதுவாகுதே?

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆன்ல இருந்தா ஷட்டவுன் முழுசா மூடறதில்ல, விண்டோஸோட உள் பகுதியை அப்படியே டிஸ்க்ல சேமிச்சு வெச்சுக்கும். வாரத்துல ஒரு நாள் ரீஸ்டார்ட் கொடுங்க. டாஸ்க் மேனேஜர் ஸ்டார்ட்அப் பக்கத்துல தேவையில்லாததை டிசேபிள் பண்ணுங்க.

தேன்கனிக்கோட்டை: உள்ளிருந்து டிக் டிக்னு சத்தம் வருது. ஃபோல்டர் திறக்க அஞ்சு நிமிஷம். கல்யாண போட்டோ எல்லாம் அதுலதான். சிதறின ஃபைலை ஒழுங்குபடுத்துற டிஃப்ராக் ஓட்டலாமா?

ஓட்டாதீங்க. டிஸ்க்கைச் சோதிக்கிற செக் டிஸ்க்கும் வேண்டாம். டிஸ்க் சாகப் போற சத்தம் அது, அதைப் போட்டு உருட்டுற ஒவ்வொரு வேலையும் மிச்ச உயிரையும் குடிக்கும். இப்பவே வெளி டிஸ்க் ஒண்ணை மாட்டி, போட்டோவை மட்டும் முதல்ல எடுங்க, சினிமா பாட்டெல்லாம் கடைசியில. நடுவுல டிஸ்க் காணாமப் போனா திரும்பத் திரும்ப ஆன் பண்ணிப் பார்க்காம, ஆஃப் பண்ணிட்டு டேட்டா ரெகவரி செய்றவங்ககிட்ட கொண்டுபோங்க. போட்டோ கைக்கு வந்தப்புறம் எழுதுங்க, எந்த டிஸ்க் போடலாம்னு அப்ப பேசலாம்.