வேலி கட்டுகிற பிள்ளை

அக்கா,

கந்தப்பளையிலிருந்து விடியற்காலை பஸ் ஏறி வந்து அழுதுவிட்டுப் போனீர்கள். ஓஎல் (சாதாரண தரம்) பாஸான மகன் உயர்தரம் வேண்டாம், காட்டுப்பன்றி வராமல் தோட்டத்தைச் சுற்றிக் கட்டும் கரண்ட் வேலி வேலை பழகுகிறேன் என்கிறான். எல்லாம் சரியாகும் என்று அன்றைக்குச் சொல்லி அனுப்பினேன். ஆனால் கவலைப்பட வேண்டிய விஷயம் ஒன்று இருக்கத்தான் செய்கிறது: உங்கள் அண்ணன் சொல்கிற தனியார் கம்பியூட்டர் டிகிரி.

அதற்காகச் சேமலாப நிதிக் காசைத் தொடாதீர்கள். அத்தனை வருஷம் கொழுந்தெடுத்துச் சேர்ந்த காசு. பிள்ளைக்கு ஆசையே இல்லாத படிப்பில் அதைப் போட நான் சம்மதிக்க மாட்டேன். ('ஃபென்சிங்' என்றதும், ஒலிம்பிக் போன பவானி தேவி மாதிரி வாள்வீச்சா என்று அண்ணன் கேட்டாராமே! அவ்வளவுதான் அவர் விசாரித்தது.)

மகனிடம் ஒரே கேள்விதான் கேட்டேன். பக்கத்துக் கரட் தோட்டத்து வேலி ஏன் வேலை செய்யவில்லை?

"புல்லு கம்பியில பட்டு கரண்ட் மண்ணுக்குப் போயிருச்சு சேர். எர்த் கம்பியும் பாறை தட்டி ஒரு அடிதான் இறங்கியிருந்துச்சு."

யாரும் சொல்லிக்கொடுக்காமல் கண்டுபிடித்திருக்கிறான். முறையான மின்வேலி கொல்வதற்கல்ல. 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் எனர்ஜைசர் பெட்டி, பல ஆயிரம் வோல்ட்டை நொடிக்கு ஒரு தடவை போல, கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவாகத் தட்டிவிடும். பன்றி மிரண்டு ஓடும், சாகாது. பன்றி மூக்கால் கிளறிக்கொண்டு வருவதால் கீழ்க்கம்பி தாழ இருக்க வேண்டும். தாழ்ந்தால் புல் தொடும். அப்புறம், மழைக்காலத்தில் நாட்கணக்காக மிஸ்ட் மூடும்போது சோலார் தட்டு எவ்வளவு சார்ஜ் தரும், பேட்டரி எத்தனை இரவு தாங்கும் என்று கணக்குப் போடவும் தெரிய வேண்டும். கணக்குப் பாடத்துக்குப் பயந்து ஓடுகிறவனுக்கு இந்த வேலை சரிவராது.

வீட்டு லைனை நேரே கம்பியில் கொடுக்கிறவர்களிடம் அவன் வேலை பழகக்கூடாது. அது சட்டவிரோதம், ஆளையே கொல்லும். சுருக்குக் கம்பியும் வேண்டாம். பன்றிக்கு வைத்ததில் நம் தோட்டங்களில் சிறுத்தை மாட்டிச் சாகிறது.

வேலிக்கென்று தனிக் கோர்ஸ் தேடி அலைய வேண்டாம். எலெக்ட்ரீஷியன் கோர்ஸ் போதும், என்விகியூ (தேசிய தொழில் தகைமை) சான்றிதழோடு. தொழிற்பயிற்சி அதிகாரசபையிலோ தொழில்நுட்பக் கல்லூரியிலோ விசாரியுங்கள். வேலை செய்துகொண்டே படிக்க வேண்டுமென்றால் நைட்டாவில் (தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை) பயிலுநராகச் சேரலாம். என்விகியூவில் 4ஆம் மட்டம் வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 டிகிரிக்குச் சமம். அண்ணனுக்கு டிகிரிதான் வேண்டுமென்றால் இந்தப் பாதையிலும் இருக்கிறது. மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவில்லாத இடத்துக்கு ஒரு ரூபாயும் கட்டாதீர்கள்.

அடுத்த முறை ஓஎல் பெறுபேறு, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை மூன்றையும் மகனிடம் கொடுத்தனுப்புங்கள். விண்ணப்பத்தை அவனே நிரப்பட்டும். அண்ணன் கூட வரத் தேவையில்லை.