ஐந்து லிட்டர் வினிகர்

அன்புள்ள அக்கா,

மடிப்பாக்கத்தில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். மகளுக்கு எட்டு மாதம், தவழ ஆரம்பித்துவிட்டாள். அவள் கை படுகிற இடத்தில் ரசாயனமே இருக்கக்கூடாது என்று பினாயில், கொசுவத்தி, ரூம் ஸ்பிரே எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டேன். வினிகரும் சமையல் சோடாவும் கலந்துதான் தரை துடைக்கிறேன். வினிகரை ஐந்து லிட்டர் கேனாகவே வாங்கிவிட்டேன். காற்று சுத்தமாகும் என்று ஹாலில் ஏழு பாட்டில்களில் மணிப்பிளாண்ட். குடிக்கச் செப்புக்குடத்துத் தண்ணீர், பாப்பாவின் கஞ்சிக்கும் அதே தண்ணீர். பொழுது சாய்ந்ததும் ஜன்னலைச் சாத்திவிட்டு வேப்பிலை, சாம்பிராணி மூட்டம். ஊரிலிருந்து வந்திருக்கும் அத்தை இதையெல்லாம் பார்த்துவிட்டு, "முதல்ல ஜன்னலைத் தொற" என்று மட்டும் சொல்கிறார். நான் சாத்துகிறேன், அவர் திறக்கிறார். தூசி வருகிறது. வீட்டை இயற்கையாக வைத்துக்கொள்ள இன்னும் எளிய வழிகள் இருந்தால் எழுதுங்களேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் இன்னும் கொஞ்சம் சேர்க்க வழி கேட்கிறீர்கள். நான் இருப்பதில் சிலவற்றைக் கழிக்கச் சொல்லப்போகிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் கஞ்சித் தண்ணீர். இன்றைக்கே எவர்சில்வர் பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். நம் நாட்டில் ஒரு காலத்தில் கைக்குழந்தைகளுக்கு ஈரல் சுருங்கிப்போகிற கொடிய நோய் ஒன்று இருந்தது. பித்தளை, செப்புப் பாத்திரங்களில் காய்ச்சி வைத்த பாலோடு அதற்குத் தொடர்பு இருப்பதை 1980களில் புனே மருத்துவர்கள் எடுத்துக்காட்டினார்கள். பாத்திரம் மாற மாற நோயும் ஏறக்குறைய மறைந்தே போனது. வெறும் தண்ணீரில் பாலில் இறங்குகிற அளவுக்குச் செம்பு இறங்காதுதான். ஆனாலும் எட்டு மாதப் பிள்ளையை வைத்துக்கொண்டு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை. பெரியவர்கள் குடிக்கலாம். எலுமிச்சை, மோர், புளிக்கரைசல் எதுவும் அந்தக் குடத்துக்குள் போகக்கூடாது, புளிப்பு செம்பைக் கரைத்து இழுத்துவிடும். நம் பாட்டிமார் பித்தளைப் பாத்திரத்துக்குள் ஈயம் பூசாமல் சமைத்ததில்லை. தெருவில் "ஈயம் பூசுறதேய்" என்று குரல் கேட்டதும் பாத்திரங்களை அள்ளிக்கொண்டு ஓடுவோம். செப்புக்குடம் திரும்பி வந்தது, ஈயம் பூசுகிறவர் வரவில்லை.

அடுத்தது அந்த ஏழு பாட்டில்கள். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் ஒரு பாட்டிலை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். குட்டிக் குட்டியாக வளைந்து நெளிந்து மேலே வருவதும், ஆள் நிழல் பட்டதும் சரேலென்று அடிக்குப் போவதுமாக ஏதாவது தெரிகிறதா? டெங்குக் கொசுவுக்குச் சாக்கடை வேண்டாம், இப்படித் தெளிந்து நிற்கிற நல்ல தண்ணீர்தான் வேண்டும். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரம்பட்ட சுவரில், மிளகுப்பொடி ஒட்டினாற்போலக் கறுப்பாக முட்டையிடும். ஒரு வாரம், பத்து நாளில் முட்டை கொசுவாகிப் பறந்துவிடும். தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு ஊற்றினால் மட்டும் போதாது. அந்த முட்டை தண்ணீர் இல்லாமலே மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, மறுபடி நனைந்ததும் பொரிக்கும். வாரத்தில் ஒரு நாள் வைத்துக்கொண்டு பிரஷ் விட்டு உள்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். வேரையும் குழாயடியில் அலசிவிடுங்கள். அன்றைக்கே ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டு, ஏசி தண்ணீர் சொட்டுகிற வாளி, பூந்தொட்டிக்கு அடியில் இருக்கிற தட்டு மூன்றையும் பார்த்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

செடி காற்றைச் சுத்தம் செய்யும் என்ற கதை 1989ல் நாசா செய்த ஒரு பரிசோதனையிலிருந்து கிளம்பியது. அதில் காற்றுப் புகாமல் அடைத்த சின்னப் பெட்டிக்குள் செடியை வைத்துப் பார்த்தார்கள். வீடு அப்படி அடைத்த பெட்டி இல்லையே. அந்த மாதிரிச் சோதனைகளையெல்லாம் திரட்டி 2019ல் மறுபடி கணக்குப் போட்டபோது, சும்மா வீட்டுக்குள் வந்துபோகிற காற்று செய்கிற வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமென்றால் ஒரு சதுர மீட்டர் தரைக்குப் பத்திலிருந்து ஆயிரம் செடி வரை வேண்டும் என்று வந்தது. உங்கள் ஹாலில் உட்கார இடம் இருக்காது. அழகுக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பாப்பாவுக்கு எட்டாத உயரத்தில். மணிப்பிளாண்ட் இலையைக் கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கிவிடும்.

மூட்டத்துக்கு வருகிறேன். கொசுவத்தியைத் தூக்கிப் போட்டது நல்ல காரியம். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட் வரைக்கும் ஈடான நுண்துகளைக் கக்குவதாக 2003ல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. ஆனால் அந்தச் சுருளை எடுத்துவிட்டு அதே அறையில், ஜன்னலையும் சாத்தி, வேப்பிலைப் புகை போட்டால் என்ன மிச்சமாகிறது? நுரையீரலுக்கு வேப்பிலைப் புகை என்றும் வேறு புகை என்றும் பேதம் தெரியாது. முற்றம் வைத்த வீட்டில், நாலா பக்கமும் ஓட்டு இடுக்கு வழியாகப் புகை வெளியேறிய காலத்தில் வந்த பழக்கத்தை, அலுமினியச் சட்டம் போட்ட ஜன்னலுக்குள் அடைத்துச் செய்கிறோம். எனக்கும் சாம்பிராணி வாசனை பிடிக்கும். வெள்ளிக்கிழமை போடுவேன், பேரப்பிள்ளை வந்திருந்தால் அவனை மாடிக்கு அனுப்பிவிட்டு. பாப்பாவுக்குக் கொசுவலையே போதும். பகல் தூக்கத்துக்கும் போடுங்கள், டெங்குக் கொசு கடிப்பது பகலில்தான்.

வினிகரும் சோடாவும் கலந்ததும் நுரைத்துப் பொங்குகிறதே, அதைப் பார்த்து அழுக்கெல்லாம் அலறி ஓடுவதாக நமக்கு ஒரு திருப்தி. ஒன்று அமிலம், மற்றது காரம். இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிட்டு, கரியமில வாயு பொங்கிப் போனபின் மிஞ்சுவது கொஞ்சம் உப்புக் கரைந்த தண்ணீர். அதைக்கொண்டுதான் தரை துடைத்துக்கொண்டிருக்கிறீர்கள். தனித்தனியாக இரண்டும் கெட்டிக்காரர்கள். அடுப்பு மேடைப் பிசுக்குக்குச் சோடா, குழாய் வாயில் வெள்ளையாகப் படிகிற உப்புக்கறைக்கு வினிகர். போர் தண்ணீர் என்றால் அந்தக் கறை நிச்சயம் இருக்கும். துணியை வினிகரில் நனைத்துக் குழாயில் சுற்றி அரை மணி நேரம் விட்டுத் தேய்த்தால் போய்விடும். கடப்பாக் கல்லிலும் மார்பிளிலும் மட்டும் படவிடாதீர்கள். இரண்டும் சுண்ணாம்புக் கல் வகை, பளபளப்பு அரித்துப் போகும்.

கலக்கிற விஷயத்தில் எனக்கு அனுபவம் உண்டு. பத்து வருஷத்துக்கு முன்னால் பாத்ரூம் தரையில் பிளீச்சிங் பவுடரைத் தூவி ஊறவிட்டிருந்தேன். கறை போகவில்லை என்று பொறுமையில்லாமல் அதன் மேலேயே ஆசிட்டை ஊற்றினேன். குப்பென்று கிளம்பியது குளோரின் வாயு. கண் எரிந்து, தொண்டை அடைத்து, கையில் விளக்குமாற்றோடு கொல்லைக்கு ஓடினேன். ராத்திரி வரைக்கும் இருமல். வினிகரை ஊற்றியிருந்தாலும் அதே வாயுதான் வந்திருக்கும். ஆகவே அந்த ஐந்து லிட்டர் கேனையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள்.

தரைக்கு என்னதான் போடுவது என்று கேட்பீர்கள். நான் தினமும் வெறும் தண்ணீரில் துடைக்கிறேன், பிசுக்கு இருந்தால் பூந்திக்கொட்டைத் தண்ணீர். பத்துப் பன்னிரண்டு காயின் விதையை எடுத்துவிட்டு ஓட்டை மட்டும் ராத்திரி ஊறப்போட்டு, காலையில் ஒரு கொதி விட்டு, ஆறியதும் பிசைந்தால் நுரை நுரையாக வரும். வடிகட்டி மூன்று நாளைக்குள் தீர்த்துவிட வேண்டும், அதற்கு மேல் புளித்து நாறும். பட்டுப்புடவை, தங்கச்சங்கிலி, பாத்திரம் எல்லாவற்றுக்கும் ஆகும். கண்ணில் பட்டால் எரிச்சல் தாங்காது. மரத்தில் காய்த்தது என்பதற்காகப் பாப்பா எட்டுகிற இடத்தில் வைத்துவிட வேண்டாம். அந்துருண்டையும் அப்படித்தான். சொந்தக்காரர்கள் கொடுத்த பழைய குழந்தைத் துணிகள் அந்துருண்டையோடு பெட்டியில் கிடந்தவையாக இருந்தால், துவைத்து இரண்டு மூன்று நாள் காற்றாட உலர்த்தி, வாசனை முழுக்கப் போன பிறகே போடுங்கள். சில குழந்தைகளுக்குப் பிறப்பிலேயே இருக்கும் ஒரு நொதிக் குறைவால், அந்துருண்டையில் இருக்கிற நாப்தலின் பட்டதும் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்துபோகும். துணிக்கு நடுவே வைக்க வசம்புத் துண்டு போதும். அதையும் உரைத்துப் பிள்ளைக்குப் புகட்ட வேண்டாம், யார் சொன்னாலும்.

இனி ஜன்னல். உங்கள் அத்தை சொல்வதுதான் சரி. காஸ் அடுப்பு எரியும்போது நைட்ரஜன் டை ஆக்சைடு வருகிறது, மிளகாய் தாளிக்கிற புகை வேறு. இது எந்தத் துடைப்பானுக்கும் அடங்காது, வெளியேதான் போக வேண்டும். ஒரு ஜன்னலை மட்டும் திறந்தால் காற்று வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். எதிரெதிரே இரண்டைத் திறந்தால்தான் உள்ளே நுழைந்து மறுபக்கம் போகும். கோடையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று எழுகிற நேரம் பார்த்துக் கிழக்கு ஜன்னலையும் சமையலறை ஜன்னலையும் திறந்துவிடுங்கள். கொசு வராமல் வலையடித்த சட்டம் போட்டுக்கொள்ளலாம், அதற்கு ஆகிற காசு உங்கள் ஏழு பாட்டில்களையும் செப்புக்குடத்தையும்விடப் பிரயோசனம். தூசி வரத்தான் செய்யும். ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். பெருக்கினால் பாதி எழும்பிவிட்டு மறுபடி பாப்பா மூக்குக்குத்தான் வரும். வண்டிகள் நெரிகிற காலை நேரத்தில் சாலைப் பக்கத்து ஜன்னலை மட்டும் சாத்திக்கொள்ளுங்கள். இந்த ஒரு விஷயத்தில் அத்தையிடம் நீங்கள் வாதாடலாம்.

வினிகரை என்ன செய்வது என்றுதானே யோசிக்கிறீர்கள்? குழாய்க் கறைக்கு மாதம் ஒரு டம்ளர் போதும். ஐந்து லிட்டர் உங்கள் மகள் நர்சரி போகிற வரைக்கும் வரும்.

அன்புடன்,
அக்கா