மீனுக்கு வளரும் தண்டுவடம் ஊசியில் கிடைக்குமா?

கேள்வி: என் தம்பி ஏழு மாதங்களுக்கு முன் மாடியிலிருந்து விழுந்து, முதுகுத் தண்டுவடத்தில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழ் அசைவில்லாமல் இருக்கிறான். ஸீப்ரா மீனுக்குத் தண்டுவடம் அறுந்தாலும் வளர்ந்துவிடுமாம். அந்த மீனிலிருந்து எடுத்த மருந்தையும் ஸ்டெம் செல்லையும் ஊசியாகப் போட்டால் நடந்துவிடுவான் என்று ஒருவர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். கொடுத்திருந்தால் இன்றைக்கே திருப்பிக் கேளுங்கள்.

மீனைப் பற்றி அவர் சொன்னது உண்மைதான். அதனால்தான் படித்தவர்களும் இதில் ஏமாறுகிறார்கள். ஸீப்ரா மீன் சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. தண்டுவடத்தை முழுதாக அறுத்த மறுநாள் பார்த்தால், முன்துடுப்புகளை மட்டும் அடித்துக்கொண்டு, பின்னுடல் துணிபோல் இழுபட நகரும். ஆறு முதல் எட்டு வாரங்களில் அதே மீன் வாலை வீசி நீந்துகிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கும்.

உள்ளே நடப்பது இதுதான். அறுந்த இரு முனைகளிலிருந்தும் கிளையா என்ற துணைச் செல்கள் நீண்டு பாலம்போல் சேர்கின்றன; நரம்பிழைகளும் அந்த இடைவெளியைக் கடக்கின்றன. நம் உடலிலோ காயத்தைச் சுற்றி வடு இறுகிவிடுகிறது. நரம்பின் மேலுறையில் உள்ள சில பொருட்களும் வளர்ச்சியைத் தடுக்கின்றன.

2016-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பாலம் அமைய உதவும் ஒரு புரதத்தை இந்த மீனில் கண்டறிந்தார்கள். அதே வகைப் புரதம் மனிதனுக்கும் உண்டு. மனிதப் புரதத்தை மீனின் காயத்தில் சேர்த்தபோது மீன் இன்னும் விரைவாகத் தேறியது! அந்தப் பொருள் நம்மிடமும் இருக்கிறது. காயம்பட்டதும் நம் செல்கள் நடந்துகொள்ளும் விதம்தான் வேறு. அதைச் சாறாகப் பிழிந்து சீசாவில் அடைக்க முடியாது.

லாம்ப்ரே என்ற தாடையில்லா மீனைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தண்டுவடம் அறுந்த பத்துப் பன்னிரண்டு வாரங்களில் அதுவும் நீந்துகிறது. ஆனால் அறுந்த நரம்பிழைகளில் ஏறக்குறைய பாதிதான் மீண்டும் வளர்கின்றன. வளர்ந்தவையும் பழைய தூரத்தை எட்டுவதில்லை. மூளையிலுள்ள சில பெரிய நரம்புச் செல்கள் பெரும்பாலும் வளரத் தவறி, மெல்ல மடிந்தும் போகின்றன. இருந்தும் நீந்துகிறது. அறுந்தது எல்லாம் பழையபடி ஒட்டினால்தான் இயக்கம் திரும்பும் என்பதில்லை. எஞ்சிய கொஞ்சமும் பழகப் பழக வேலை செய்யும். உங்கள் தம்பிக்குப் பயன்படக்கூடிய பாடம் இது ஒன்றுதான், இதை எந்தத் தரகரும் சொல்ல மாட்டார்.

ஊசி போட்டதும் அசைவு திரும்பியதாக இத்தகைய தரகர்கள் காட்டும் வீடியோக்களுக்கு வருகிறேன். தண்டுவடம் முழுதாகச் சேதமடையாதவர்களுக்கு முதல் ஆறு மாதங்களில், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும்கூட, தானாகவே ஓரளவு அசைவு திரும்பும். அந்தச் சமயம் பார்த்து ஊசியைப் போட்டுவிட்டு, கால்விரல் அசைந்ததும் எங்கள் மருந்துதான் என்று படம் பிடிக்கிறார்கள். இயற்கை கொடுத்ததற்கு இவர்கள் பில் போடுகிறார்கள்.

பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே என்று நினைக்காதீர்கள். மூக்கின் உட்சவ்விலிருந்து எடுத்த செல்களைத் தண்டுவடத்தில் வைத்துக்கொண்ட ஓர் இளம்பெண்ணுக்கு, எட்டு ஆண்டுகள் கழித்து அங்கே கட்டி வளர்ந்திருந்ததை 2014-இல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். சளி சுரக்கும் மூக்குத் திசுவே அவர் முதுகுக்குள் வளர்ந்திருந்தது.

‘பதிவு எண் இருக்கிறது’ என்று தரகர் ஒரு காகிதத்தை நீட்டுவார். மருத்துவ ஆய்வுகளைப் பட்டியலிடும் பதிவேட்டில் பெயர் இருப்பது அங்கீகாரம் ஆகாது. நோயாளியிடம் பணம் வாங்கும் ‘ஆய்வு’களையும் அந்தப் பட்டியல்களில் இத்தனை ஆண்டுகளாக அனுமதித்து வைத்திருப்பது எனக்கு ஆறாத கோபம். உங்களுக்கு ஒரே அளவுகோல் போதும்: பரிசோதனை நிலையில் உள்ள சிகிச்சைக்கு நோயாளியிடம் கட்டணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது. டிஸ்சார்ஜ் காகிதத்தில் ‘ஏ’ முதல் ‘ஈ’ வரை ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். காயத்தின் தரம் அது. அதை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள், அதன் பொருளைக் குடும்பத்துக்கு உட்கார்ந்து சொல்ல யாருக்கும் நேரமில்லை. அந்த வெற்றிடத்தில்தான் தரகர் நாற்காலி போட்டு உட்காருகிறார். ‘ஏ’ என்று, அதாவது காயம் முழுமையானது என்று இருந்தால், ஆசனவாயைச் சுற்றித் தொடுவது தம்பிக்குத் தெரிகிறதா என்று மீண்டும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அங்கே சிறிது உணர்வு இருந்தாலும் காயம் முழுமையானது அல்ல, தரமும் மாறும்.

முன்பணத்துக்காக வைத்திருந்த தொகையில் பிசியோதெரபிக்கும், படுக்கைப் புண் வராமல் தடுக்கும் நல்ல மெத்தைக்கும் ஏற்பாடு செய்யுங்கள். சிறுநீர்ப்பையை எத்தனை மணிக்கொரு முறை காலி செய்ய வேண்டும் என்பதையும் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இத்தகைய காயத்துக்குப் பின் வீடு திரும்பியவர்களை மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவது பெரும்பாலும் புண்ணும் சிறுநீர்த் தொற்றும்தான்.